சாக்சபோன் கலைஞர் வாழ்வும் இசைக்கலப்பும்: புத்தளக் கரையோரத்திலிருந்து ஒரு நோக்கு

1

இசை விமரிசனம் என்ற பெயரில் தமிழில் வெளிவரும் எழுத்துக்களிற் பெரும்பாலானவை இரு வகைப்படும். ஒன்று, வித்துவானின் பாடாந்தரத்தையும் சுருதிலய சுத்தத்தையும் அளவிட்டுக் கூறும் கச்சேரிக் குறிப்பு. மற்றையது, அவரது பிறப்பு, குருபரம்பரை, பட்டங்கள், கடல் கடந்த பயணங்கள் ஆகியவற்றை அடுக்கிக் கூறும் பாராட்டுரை. இவை பயனற்றவை என்பது எமது கருத்தன்று. ஆயினும், ஓர் இசைக்கருவி எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது, அவ்வாறு சென்றபோது எவருக்கு மேடை கிடைத்தது, எவருக்குக் கிடைக்காது போயிற்று என்னும் வினாக்களை இவ்வெழுத்துக்கள் எழுப்புவதில்லை. கலைஞனின் வாழ்வு தனிமனித மேதைமையின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. அவனை உருவாக்கிய சமூக உறவுகள் பின்னணித் திரையாக மட்டும் எஞ்சுகின்றன.

இக்குறைபாடு மிகத் தெளிவாகப் புலப்படுவது சாக்சபோன் கலைஞர்களைப் பற்றிய எழுத்துக்களிலேயாகும். கர்நாடக இசையில் இக்கருவியை நிலைநிறுத்திய கத்ரி கோபால்நாத்தும் (1949-2019), அமெரிக்க ஜாஸ் உலகில் முன்னணிக் கலைஞராக விளங்கும் ருத்ரேஷ் மகந்தப்பாவும் (பிறப்பு 1971) பேசப்படும்போதெல்லாம் 'கிழக்கும் மேற்கும் கைகோத்தன' என்ற வாய்பாடே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. இவ்வாய்பாடு எதை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இதனைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதற்குக் காரணம் உண்டு. சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தில் ஆண்டுத் திருவிழாக் காலத்தில் நாதசுரமும் தவிலும் முழங்குகின்றன. வடக்கே உடப்பில் கரைவலை இழுத்த மீனவர் பாடிவந்த அம்பாப் பாடல்கள் இன்றும் நினைவிலுள்ளன. புத்தளம் நகரை அண்மிய சிறாம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்களான மக்கள் 'மாஞ்சா' எனப்படும் பாடலையும் ஆடலையும் பேணி வருகின்றனர். கோயில் வாத்தியம், உழைப்பாளர் பாடல், ஆபிரிக்க வழிவந்த தாளம் ஆகிய மூன்றும் சில மணி நேரப் பயணத் தூரத்தினுள் அமைந்துள்ளன. சாக்சபோனின் வரலாற்றைப் புரிந்துகொள்ளத் தேவையான மூன்று திறவுகோல்களும் இவையே என்பது பின்னர் விளங்கும்.

2

சாக்சபோன் மக்களிடையே பிறந்த கருவியன்று. பெல்ஜிய நாட்டவரான அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸ் நகரில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பித்தளையால் ஆனதாயினும், நாணற்சிம்பு ஒன்றன் அதிர்வால் ஒலிப்பதாகையால் இது மரக்குழல் வாத்தியங்களின் இனத்தைச் சேர்ந்தது. திறந்தவெளியில் உரத்து ஒலிக்கக்கூடிய இக்கருவியை முதலில் வரவேற்றது பிரெஞ்சு இராணுவமாகும். ஐரோப்பியப் பேரரசுகளின் படைகள் சென்ற இடமெங்கும் படைவாத்தியக் குழுக்கள் சென்றன. அக்குழுக்களோடு இத்தகைய கருவிகளும் சென்றன. குடியேற்ற நாடுகளின் சுதேச அரசர்களும் அத்தகைய குழுக்களைத் தம் அரண்மனைகளில் அமைத்துக்கொண்டனர்.

ஆயின், இக்கருவிக்குப் புதிய குரலை அளித்தோர் படைத்தளபதிகளோ அரசர்களோ அல்லர். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆபிரிக்கரின் சந்ததியினரேயாவர். ஒருவர் பாடப் பலர் எதிர்பாடும் உழைப்புப் பாடல்கள், தேவாலயப் பாடல்கள், புளூஸ் ஆகியவற்றின் வழியே திரண்ட ஜாஸ் இசையில், 1920களின் பின் சாக்சபோன் தலையாய இடத்தைப் பெற்றது. கோல்மன் ஹோக்கின்ஸ், லெஸ்டர் யங், சார்ளி பார்க்கர், ஜோன் கோல்ட்ரேன் எனத் தொடரும் வரிசையில் அது மனிதக் குரலின் நெகிழ்ச்சியையும் கரகரப்பையும் பெற்றுக்கொண்டது.

அக்கலைஞர்களின் வாழ்வு எத்தகையது? பார்க்கர் 1955இல் தமது 34ஆவது வயதில் இறந்தார். நியூயோர்க் நகர இரவு விடுதிகளில் வாசிப்பதற்குக் காவற்றுறையின் அனுமதி அட்டை வேண்டியிருந்த காலம் அது. 1951இல் அவருடைய அட்டை பறிக்கப்பட்டபோது அந்நகரில் அவருடைய பிழைப்பே முடங்கிற்று. கோல்ட்ரேன் 1967இல் 40 வயதில் மறைந்தார். யமேக்காவிற் பிறந்து, கிங்ஸ்டனில் ஆதரவற்ற சிறுவர்க்கான பாடசாலையில் இசை கற்று, 1951இல் பிரித்தானியாவுக்குச் சென்ற ஜோ ஹரியட், கல்கத்தாவிற் பிறந்த ஜோன் மேயருடன் இணைந்து 1960களின் நடுப்பகுதியில் இந்திய இசையும் ஜாஸும் இணையும் முயற்சிகளுக்கு வழிகோலியவர். அவர் 1973இல் 44 வயதில் வறுமையில் இறந்தார். கலப்பிசையின் முன்னோடி எனப் பிற்காலத்தார் அவரைப் போற்றுகின்றனர். அப்புகழ்ச்சி அவருக்குச் சோறு போடவில்லை.

'மேற்கு' என நாம் ஒரு சொல்லில் அடக்கிவிடுவதனுள் இவ்வாறு ஒடுக்கியோரும் ஒடுக்கப்பட்டோரும் ஒருசேர அடங்கியுள்ளனர். 'கிழக்கு' என்ற சொல்லும் இத்தகையதே. அதனைக் கத்ரி கோபால்நாத்தின் வாழ்வு உணர்த்துகிறது.

3

கோபால்நாத் தென்கன்னட மாவட்டத்திற் பிறந்தவர். அவரது தந்தையார் தனியப்பா நாதசுரக் கலைஞர். இளமையில் தந்தையாரிடம் அக்கருவியையே பயின்ற கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் ஒலித்த சாக்சபோனால் ஈர்க்கப்பட்டார். மங்களூர்க் கலாநிகேதனத்தைச் சார்ந்த கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றுத் தேர்ந்தார். 1980இல் பம்பாயில் நடைபெற்ற ஜாஸ் யாத்ரா விழாவில் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜோன் ஹாண்டியுடன் இணைந்து வாசித்தமை உலக மேடைகளுக்கான வாயிலைத் திறந்தது. 1994இல் இலண்டன் ரோயல் அல்பேட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்தும் புரொமனேட் விழாவில் வாசித்தார். அதே ஆண்டில் கே. பாலசந்தரின் 'டூயட்' திரைப்படத்தின் வாயிலாக, ஏ. ஆர். ரகுமானின் இசையமைப்பில், அவரது வாசிப்பு தமிழ் கேட்கும் இல்லங்களையெல்லாம் எட்டிற்று. 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவரது சாதனையின் தொழில்நுட்பக் கூறு முதலில் நோக்கத்தக்கது. நாதசுரத்தின் துளைகளை விரலால் அரைகுறையாக மூடியும் திறந்தும், சீவாளியின்மீது உதட்டின் அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும், காற்றின் விசையை மாற்றியும் கமகங்களை உண்டாக்கலாம். சாக்சபோனிலோ துளைகளை மூடுவன பொறிமுறைத் திறப்புகள், அவை மூடும், அல்லது திறக்கும், இடைநிலை அரிது. எனவே ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்ல வேண்டிய கமகத்தின் பாரம் முழுவதும் உதட்டின்மீதும் மூச்சின்மீதும் விழுகிறது. கோபால்நாத் கருவியிற் சில மாற்றங்களைச் செய்துகொண்டதோடு, நாதசுரத்தில் வாய்த்த மூச்சடக்கத்தையும் உதட்டுப் பயிற்சியையும் இதற்கு மடைமாற்றினார். அவரது கல்யாணியிலும் தோடியிலும் நாம் கேட்பது 'மேலைக் கருவியில் கீழை இசை' அன்று. தந்தையாரின் கருவி மகனின் கருவியினுள் நின்று பேசுகிறது.

இங்கேதான் பாராட்டுரைகள் கேளாத வினா எழுகிறது. நாதசுரத்தில் வாசித்திருக்கக்கூடியதை அவர் ஏன் சாக்சபோனில் வாசிக்க வேண்டியிருந்தது? ஈர்ப்பு என்பது உண்மையான விடையே. ஆனால் முழுமையான விடையன்று. நாதசுரம் கோயிலுக்கும் திருமணத்துக்கும் உரிய மங்கல வாத்தியமாகப் போற்றப்பட்ட அதேவேளை, அதனை வாசித்தோர் சாதியடுக்கிலே தாழ்த்தி வைக்கப்பட்டனர். டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898-1956) கருவியின் அளவை மாற்றிச் சுருதியைத் தாழ்த்தி அதனைக் கச்சேரிக்கு ஏற்புடையதாக்கியதும், வித்துவானுக்குரிய மதிப்பை விடாப்பிடியாக வேண்டி நின்றதும் இதன் எதிர்வினைகளேயாம். இருந்தும், சென்னையின் மார்கழி இசைவிழாக்களில் நாதசுரத்துக்குப் பெரும்பாலும் கிடைத்தது தொடக்கநாள் மங்கல இசையே. நாதசுரம் கற்ற ஏ. கே. சி. நடராஜன் கிளாரினெட்டைச் சபை மேடைக்குக் கொண்டுவந்தார். நாதசுரக் கலைஞரின் மகனான கோபால்நாத் சாக்சபோனைக் கொண்டுவந்தார். மேலைக் கருவிக்குச் சாதியின் பழைய கறை இருக்கவில்லை. அது மேடையின் நடுவில் அமர்ந்தது. தந்தையரின் கருவி வாசலிலேயே நின்றது.

இக்கூற்றால் கோபால்நாத்தின் கலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மாறாக, அவருடைய வெற்றியின் விலையைக் கணக்கிடுகிறோம். அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் திருமணங்களிலும் திருவிழாக்களிலும் நாதசுரத்தின் இடத்திலேயே சாக்சபோன் அமர்த்தப்படுவதும் உண்டு. கருவி மாற்றம் தனிக் கலைஞன் ஒருவனுக்கு விடுதலையாகலாம். அதனை உண்டாக்கிய சமூக நிலை மாறாதவிடத்து, அவ்விடுதலை அவனுடைய உறவினருக்கே போட்டியாகவும் அமைந்துவிடும். இம்முரண்பாட்டைக் காணாத விமரிசனம் பாதி விமரிசனமேயாகும்.

4

மகந்தப்பாவின் வாழ்க்கை எதிர்த்திசையில் தொடங்குகிறது. கருநாடகத்திலிருந்து புலம்பெயர்ந்த பெற்றோருக்கு இத்தாலியின் திரியெஸ்தே நகரிற் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வளர்ந்தவர். தந்தையார் இயற்பியற் பேராசிரியர். மகன் இசைக்கல்லூரிகளில் முறையாகப் பட்டம் பெற்று ஜாஸ் கலைஞரானார். பாடசாலை வாத்தியக் குழுவும் இசைத்தட்டுமே அவருக்குக் குலப்பரம்பரை. இன்று அவர் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கல்விக்குப் பொறுப்பாளர். பார்க்கரிடமிருந்து அட்டையைப் பறித்த சமூகம் பார்க்கரின் இசைக்குப் பல்கலைக்கழகப் பீடத்தை அளித்தமை ஒரு முன்னேற்றமே. அப்பீடத்தை எய்தும் படிகள் எவருக்கு எளிதாக அமைந்தன என்பதும் உடன்வைத்து எண்ணற்பாலது.

ஆயினும் அவருக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. அவரது பெயரையும் தோற்றத்தையும் கண்டோர் அவரிடம் இந்திய இசையை எதிர்பார்த்தனர். அவரோ அதனைக் கற்றவரல்லர். 'இந்திய மொழி பேசுவீரா?' என்னும் அறியாமை மிக்க வினாவையே பொருளாகக் கொண்டு, இந்திய அமெரிக்கர் தத்தம் மொழிகளில் அளித்த விடைகளின் பேச்சோசையை இசையாக்கி 2004இல் 'தாய்மொழி' எனப் பொருள்படும் இசைத்தட்டை வெளியிட்டார். பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்து மெட்டமைத்த அம்முயற்சி, இனப்பாகுபாட்டுக்கு இசைவழி அளித்த மறுமொழியாகும். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயருடன் அவர் கொண்ட நெடுங்காலத் தோழமையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது.

அவர் கோபால்நாத்தை அறிந்துகொண்ட முறை குறிப்பிடத்தக்கது. மாணவராயிருந்த காலத்தில் தமையனார் வேடிக்கைப் பரிசாக அளித்த ஓர் இசைத்தட்டு கோபால்நாத்தினுடையது. வேடிக்கை வினையாயிற்று. 2007இல் கிடைத்த குகன்ஹைம் புலமை நிதியைக் கொண்டு தென்னிந்திய இசையை ஆழ்ந்து கற்றார். அதன் விளைவு, 2008இல் வெளிவந்த 'கின்ஸ்மென்'. 'உறவினர்' என்பது அதன் பொருள். இரு ஆல்ற்றோ சாக்சபோன்களோடு ஏ. கன்னியாகுமரியின் வயலின், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், ரெஸ் அப்பாசியின் கிற்றார், ஒரு பேஸ், மேலைத் தாளக்கருவித் தொகுதி ஆகியன அதில் இடம்பெற்றன.

இத்தொகுப்பின் சிறப்பு, எதனை விலக்கியது என்பதிலே தங்கியுள்ளது. பியானோ இல்லை, ஆகவே, மாறிமாறி வரும் சுரத்தொகுதிகளால் இராகத்தை நெருக்கிப் பிடிக்கும் நிலை பெரிதும் தவிர்க்கப்பட்டது. ஒரே இனக் கருவியை இருவரும் ஏந்தியிருப்பதால், வேறுபாடு கருவியில் இல்லை. மூச்சிலும் பயிற்சியிலும் உள்ளது என்பது செவிக்குத் தெளிவாகிறது. ஒருவர் ஒரு சுரத்தைப் பற்றி அசைத்து அதனுள்ளேயே தங்குகிறார். மற்றவர் பார்க்கர் வழிவந்த வேகத்தோடு சுரங்களைக் கோவையாகத் தொடுத்து விரைகிறார். இருவரும் ஒரே மெட்டை ஒருங்கே வாசிக்குமிடங்களில் எழும் இலேசான உராய்வே இத்தொகுப்பின் உயிர்நாடி என்போம். குறையும் உண்டு. வினாவிடையாக மாறிமாறி வாசிக்கும் சில பகுதிகள் உரையாடலாக விரியாது விரைவுப் போட்டியாகக் குறுகுகின்றன. கர்நாடக இசையின் விளம்பகால அழகுக்கு அங்கு இடம் போதவில்லை. தொகுப்பு இளையவரின் பெயரிலேயே வெளிவந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. எனினும், இளையவர் மூத்தவரை அலங்காரப் பொருளாக அழைக்காது ஆசானாக மதித்துத் தம் வாசிப்பை அவர்முன் மாற்றிக்கொண்டார் என்பது ஒலியிலேயே பதிந்துள்ளது.

இதற்கு மறுதலையான ஒரு வாழ்வையும் இங்கு நினைவுகூரலாம். பொஸ்ரன் நகரிற் பிறந்த ஆல்ற்றோ சாக்சபோன் கலைஞர் சார்ளி மரியானோ (1923-2009) நாதசுரத்தைக் கற்று ஜாஸ் மேடைகளில் வாசித்தவர். நாதசுரக்காரரின் மகன் சாக்சபோனை ஏந்தியபோது சபை திறந்தது. சாக்சபோன்காரர் நாதசுரத்தை ஏந்தியபோது ஐரோப்பிய மேடைகள் வியந்தன. ஆனால், நாதசுரக்காரர் நாதசுரத்தையே ஏந்தி நின்றபோது கிடைத்தது வாசல். 'கலப்பு' என்ற சொல் மறைப்பது இதனையே. எல்லையைக் கடப்பவனுக்குப் பாராட்டு உண்டு. எல்லைக்குள் நின்று அக்கலையைக் காத்தவனுக்கு அது அரிதாகவே கிட்டுகிறது.

5

இனி, எமது கரையோரத்துக்குத் திரும்புவோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோர் காலங்களில் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களே சிறாம்பியடி மக்கள். 'காப்பிரி' என அவர்கள் அழைக்கப்படுகின்றனர். உலகின் வேறு பகுதிகளில் இச்சொல்லின் இனவடிவம் இழிசொல்லாகும். அவர்களுடைய மாஞ்சாப் பாடல்கள் இலங்கைப் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அமைந்தவை. இன்று சிங்களம் பேசும் இளந்தலைமுறைக்கு அப்பாடல்களின் பொருள் பெரிதும் அற்றுப்போய்விட்டது. ஓசையும் தாளமும் எஞ்சியுள்ளன. சிரட்டை, போத்தல், கரண்டி, மரப்பலகை எனக் கைக்குக் கிட்டிய பொருள்களே அவர்களுடைய தாளக்கருவிகள். ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்ற ஆய்வாளர் இச்சமூகத்தைப் பற்றி எழுதியுள்ளனர். தமிழில் இவ்விசையை இசையாகக் கொண்டு எழுந்த விமரிசனம் மிக அரிது.

ஆபிரிக்க, போர்த்துக்கேய இசைமரபுகளின் சேர்க்கையில் தோன்றிய கபிரிஞ்ஞாவும் பைலாவும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வொலி பஸ்தியன் போன்றோர் வழியே நாடு தழுவிய இசையாயின. ஏ. ஈ. மனோகரன் அத்தாளத்தைத் தமிழ்ப் பொப்பிசையாக்கித் தமிழ்நாடு வரை கொண்டு சென்றார். தாளம் கடல் கடந்தது. அதனை ஈன்றோரில் ஒரு பகுதியினர் புத்தளத்தின் புறத்தே அறியப்படாது தங்கினர். விழாக்களுக்கு அழைக்கப்படும்போதும் அவர்கள் கலைஞராகவன்றி விநோதக் காட்சியாகவே பெரிதும் நோக்கப்படுகின்றனர். அமெரிக்காவில் ஜாஸுக்கு நேர்ந்த வரலாற்றின் முதற்பகுதி இங்கும் நிகழ்ந்தது. மேடையும் மதிப்பும் பெற்ற இரண்டாம் பகுதி நிகழவில்லை.

உடப்பின் அம்பாப் பாடல்களின் நிலையும் எண்ணத்தக்கது. ஒருவர் முன்பாடப் பலர் பின்பாடி வலையை இழுக்கும் அவ்வமைப்பு, அமெரிக்க அடிமைகளின் உழைப்புப் பாடலோடு ஒப்புநோக்கத்தக்கது. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என நாம் கூறவில்லை. ஒத்த உழைப்பு ஒத்த வடிவத்தை ஈன்றது என்கிறோம். உழவு இயந்திரத்தின் துணையால் கரைவலை இழுக்கப்படும் இடங்களில் பாடலுக்கு வேலை இல்லாது போகிறது. புளூஸ் உழைப்புக் களத்தை விட்டு மேடைக்கும் இசைத்தட்டுக்கும் சென்று உயிர் வாழ்ந்தது. அம்பாவுக்கு அத்தகைய வழி எது?

இவ்விடத்தில் எமது சொந்தக் குறையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நாட்டார் பாடல்களைத் தொகுத்த தமிழ் ஆய்வாளர், பெரும்பாலும் சொற்களையே ஏட்டில் எழுதினர். மெட்டையும் தாளத்தையும் மூச்செடுக்கும் இடத்தையும் விட்டனர். பாடியவரின் வாழ்வும் தொழிலும் அரிதாகவே பதிவாயின. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களைச் சார்ந்த நாமும் இதற்கு விலக்கல்லோம். அச்சிட்ட பாடலிலிருந்து ஓர் இசைஞன் எதனைக் கற்க இயலும்? வேடிக்கைப் பரிசாகக் கிடைத்த இசைத்தட்டு ஒன்று மகந்தப்பாவின் செவியை மாற்றியமைத்தது. அத்தட்டு இருந்ததால் 'கின்ஸ்மென்' பிறந்தது. அத்தட்டு இருந்தமைக்குக் காரணம், கோபால்நாத்துக்கு மேடை கிடைத்திருந்தமை. மேடையிலிருந்து பதிவும், பதிவிலிருந்து மரபும், மரபிலிருந்து மீண்டும் மேடையும் தோன்றும் இவ்வட்டத்தினுள் மாஞ்சாவும் அம்பாவும் இன்னும் நுழையவில்லை.

ஆகவே, சாக்சபோன் கலைஞரின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது, கலப்பு நன்றா தீதா என்பதன்று. எவரும் எக்கருவியையும் வாசிக்கலாம். அவ்வுரிமை வாதத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால், ஒருவன் மதிப்புப் பெறுவதற்காகத் தன் தந்தையின் கருவியை மாற்ற வேண்டியிராத நிலையும், ஒரு சமூகத்தின் தாளம் நாடெங்கும் ஒலிக்கையில் அச்சமூகத்தின் பெயரும் உடன் ஒலிக்கும் நிலையும் ஏற்படல் வேண்டும். அதற்கான முதற்பணி மிக எளியது. சிறாம்பியடியின் பாடகியரையும் உடப்பின் முதிய மீனவரையும், அவர்கள் உயிரோடிருக்கும்போதே, அவர்களது இசைவோடும் உரிய ஊதியத்தோடும், இசைக்கலைஞர் என்ற முறையில் ஒலிப்பதிவு செய்வதாகும். கோல்ட்ரேனைப் பற்றியும் கோபால்நாத்தைப் பற்றியும் எழுதும் எமது பேனாவுக்கு அப்போதுதான் முழுத் தகுதி உண்டாகும்.